பச்சை உடம்பும் பச்சைப் பிள்ளையும்: பிரசவ வார்டில் தினமும் காதில் விழுகிற கேள்விகள்

அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பிந்தைய வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஒரு ஷிஃப்டில் இருபது கேள்வி வந்தால் பதினெட்டு குழந்தையைப் பற்றித்தான் இருக்கும். தாயைப் பற்றி வருகிற இரண்டில் ஒன்று "பால் வருமா சிஸ்டர்?" என்பது, அதுவும் குழந்தைக்காகத்தான். அதனால் வரிசையைக் கொஞ்சம் மாற்றி, யாரும் அதிகம் கேட்காத பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சுகப்பிரசவம்தானே, பிறகு ஏன் இரண்டு மணி நேரம் லேபர் வார்டிலேயே வைத்திருக்கிறீர்கள்?

இரத்தப்போக்குக்குப் பயந்துதான். குழந்தை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகு கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். நஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் திறந்து கிடக்கிற இரத்தக் குழாய்களை நெரித்து மூடுவது அந்தச் சுருக்கம்தான், வேறு மூடி எதுவும் கிடையாது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் போடுகிற 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி இதற்காகத்தான். நன்றாகச் சுருங்கியிருந்தால் தொப்புளுக்குப் பக்கத்தில் கை வைக்கும்போது கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும். இல்லையென்றால் பிசைந்த மாவு மாதிரி தொளதொளவென்று இருக்கும். 15 நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து வயிற்றை அமுக்கி, நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, பேடைப் பார்த்து உங்களைத் தூங்கவிடாமல் படுத்துவது இதைத் தெரிந்துகொள்ளத்தான்.

ஒரு நைட் ட்யூட்டி. இரண்டாவது பிரசவம், எல்லாம் நல்லபடியாக முடிந்து வார்டுக்கு வந்த பெண். "தலை சுத்துற மாதிரி இருக்கு சிஸ்டர்" என்று சொன்னாள், அதையும் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். கூட இருந்த அவள் அம்மா, "புள்ள பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும், கண்ண மூடித் தூங்கு" என்றார். போர்வையை விலக்கிப் பார்த்தேன், பேடின் மேல்பக்கம் அவ்வளவாக நனையவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்ததும்தான் தெரிந்தது: இடுப்புக்குக் கீழே மடித்துப் போட்டிருந்த பழைய சேலை மடிப்பு மடிப்பாக ஊறி, ரப்பர் ஷீட்டில் தேங்கியிருந்தது. கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே ஏறி வலது பக்கமாக ஒதுங்கி நின்றது. அதைத் தள்ளிக்கொண்டிருந்தது நிரம்பிப் போன மூத்திரப்பை. தையல் எரியுமே என்று பயந்து பிரசவத்துக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகாமல் அடக்கியிருக்கிறாள். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, ட்யூப் போட்டு மூத்திரத்தை எடுத்தோம், வயிற்றின் மேலாகக் கர்ப்பப்பையைத் தேய்த்துவிட்டோம், டிரிப்ஸில் ஆக்ஸிடோசின் ஏறியது, கால் மணி நேரத்தில் கைக்கடியில் பந்து கெட்டியானது.

சுகப்பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் இரத்தம் போனாலே அதிகம் என்று கணக்கு. ஏற்கெனவே இரத்தசோகை உள்ள பெண் அதைவிடக் குறைவாகப் போனாலும் தாங்க மாட்டாள். "மூத்திரம் போனீங்களா, போனீங்களா" என்று நாங்கள் நச்சரிப்பதன் காரணம் புரிந்திருக்கும். பக்கத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பேடின் மேல்பக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள், இடுப்புக்குக் கீழே கைவிட்டுப் பாருங்கள்.

தீட்டு எத்தனை நாள் படும்?

முதல் மூன்று நான்கு நாள் நல்ல சிவப்பு, அப்புறம் பத்து நாள் வரை இளஞ்சிவப்போ பழுப்போ, அதன் பிறகு மஞ்சளும் வெள்ளையுமாக நாலு முதல் ஆறு வாரம் வரை. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடித்துக் கொஞ்சம் கூடுதலாகப் படலாம், கர்ப்பப்பை சுருங்குகிறது என்று அர்த்தம், நல்லதுதான். ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுசாக நனைந்தால், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி விழுந்தால், குறைந்த சிவப்பு மறுபடி அதிகமானால், நாற்றம் அடித்தால் காத்திருக்க வேண்டாம், உடனே வாருங்கள்.

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? ஜன்னி வந்துவிடாதா?

கொடுக்கலாம். தாகம் எடுக்கிறபோதெல்லாம் கொடுக்க வேண்டும்.

ஜன்னி என்ற பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பிரசவமான சில நாளில் காய்ச்சல் பற்றி, உளறி, செத்துப்போன பெண்களைப் பார்த்த பாட்டிகள் அந்தச் சொல்லை நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் காரணம் தண்ணீர் இல்லை, கிருமி. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை செய்த கையோடு வந்து பிரசவம் பார்த்த டாக்டர்களையும் மாணவர்களையும் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். அந்த வருஷம் ஏப்ரலில் 18 சதவீதம் அளவுக்கு இருந்த தாய் சாவு, சில மாதத்திலேயே 2 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கை கழுவியது மட்டும்தான் மாற்றம். அதனால் ஜன்னிக்குப் பயப்படுகிறவர்கள் தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஒளித்து வைப்பதை விட்டுவிட்டு, பேடை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்றச் சொல்லுங்கள், கழுவும்போது முன்னாலிருந்து பின்னால் கழுவச் சொல்லுங்கள். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால் "பால் கட்டியிருக்கும்" என்று வீட்டிலேயே முடிவுகட்டாமல் காட்டுங்கள்.

பத்தியம்?

பூண்டு, சுக்கு, பிரசவ லேகியம், பால் சுறாப் புட்டு, முருங்கைக்கீரை: தாராளமாக. "இதைத் தின்னக்கூடாது" என்கிற பட்டியலில்தான் எனக்குச் சண்டை. பால் கொடுக்கிற முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட 600 கலோரி வரை கூடுதலாக வேண்டும், நம் வார்டிலோ மூன்று வேளையும் காபியும் பன்னும் ரஸ்க்கும் மட்டும் தின்கிற பெண்களைப் பார்க்கிறேன். பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் எல்லாம் சாப்பிடலாம். தயிர் சாப்பிட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்காது, பால் வழியாகக் குளிர்ச்சி போகாது. இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் உண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஒன்று மற்றதை உடம்பில் சேரவிடாது.

முதல் நாள் பாலே வரவில்லை. பிள்ளை பசியில் அழுகிறது. கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கலாமா?

வேண்டாம். வார்டில் அதிகமாக வாதம் நடப்பது இந்தக் கேள்வியில்தான், எனவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு தடவைக்குத் தாங்குவது 5 முதல் 7 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூனும் கொஞ்சமும். சீம்பால் அந்த அளவுக்குத்தான் சுரக்கும், அந்த அளவு போதும். பீய்ச்சிப் பார்த்தால் நாலு சொட்டு மஞ்சளாகப் பிசுபிசுவென்று வரும், அதைப் பார்த்துவிட்டு "பாலே இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நாலு சொட்டில் நோய் எதிர்ப்புச் சக்தி அடர்த்தியாக இருக்கிறது, காட்டுப்பீயை, அதாவது பிள்ளையின் முதல் கறுப்பு மலத்தை, வெளியே தள்ளுகிற வேலையையும் அது செய்யும். நிறையப் பால் இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள், சிசேரியனுக்குக் கொஞ்சம் தாமதமாகலாம். பால் இறங்க வேண்டுமென்றால் பிள்ளை சப்ப வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் குடித்த பிள்ளை தூங்கிவிடும், சப்பாது, சப்பாததால் பால் இறங்குவது தள்ளிப்போகும், அப்புறம் "நான் சொன்னேனே, பால் இல்லைன்னு".

பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கிற சேனை இன்னொரு கதை. குடும்பத்தில் நல்ல பெயர் எடுத்தவர் விரலால் தொட்டு வைத்தால் அவர் குணம் வரும் என்கிறார்கள். வருவது அவர் விரலில் இருக்கிற கிருமிதான். தேனும் வேண்டாம், ஒரு வயது முடிகிற வரைக்கும் வேண்டாம், அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி சின்னக் குழந்தையின் தசைகளையே செயலிழக்க வைக்கும். கழுதைப்பால், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், வெயில் காலத்தில்கூடத் தண்ணீர் கிடையாது, டாக்டர் எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து தவிர.

சண்டை போட்டுத் தோற்ற பிறகு நான் கண்டுபிடித்த வழி: பாட்டியையே வேலைக்கு வைத்துவிடுவது. "நீங்கதான் மருமகளுக்கு முதுகுல தலகாணி வச்சி, பிள்ளையப் பிடிச்சிக் குடுக்கணும் பாட்டிம்மா" என்றால் சர்க்கரை டப்பா பைக்குள் போய்விடும்.

பால் கொடுக்கும்போது காம்பு வெடித்து உயிர் போகிறது. என்ன செய்வது?

பிள்ளை காம்பை மட்டும் பிடிக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் குனியக்கூடாது, பிள்ளை உங்களிடம் வர வேண்டும். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும், தலை மட்டும் திரும்பியிருந்தால் அதனால் விழுங்க முடியாது. காம்பால் மேல் உதட்டை லேசாகத் தடவுங்கள், அவசரப்படாதீர்கள், கொட்டாவி விடுகிற மாதிரி வாய் அகலமாகத் திறக்கும். அந்த நொடியில் பிள்ளையை அணைத்து உள்ளே கொண்டுவாருங்கள், தாடை மார்பில் முட்ட வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கறுப்பு வளையம் கீழ்ப்பக்கம் பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும், கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். கன்னம் குழிந்து "ச்சு ச்சு" என்று சத்தம் வந்தால் பிடிப்பு சரியில்லை. சுண்டு விரலை வாயோரத்தில் விட்டு எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள், முதல் நாள் பத்துத் தடவை ஆனாலும் பரவாயில்லை. கொடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டைக் காம்பில் தடவிக் காற்றில் உலரவிட்டால் போதும்.

மார்பு கல் மாதிரி கட்டிக்கொண்டால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள், அதிகமாகக் கொடுங்கள், முடியாவிட்டால் பீய்ச்சி எடுங்கள். சிவந்து, காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும், அப்போதும் பால் கொடுக்கலாம்.

பால் பத்துகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

அழுகையை வைத்துச் சொல்ல முடியாது, துணியை வைத்துச் சொல்லலாம். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஐந்தாறு நாளில் ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போனால் பத்துகிறது. கறுப்பாகப் போன மலம் பச்சையாகி, நாலைந்து நாளில் மஞ்சளாகிவிட வேண்டும். எடை முதல் சில நாள் குறையும், பிறந்த எடையில் 10 சதவீதம் வரை பயப்பட வேண்டாம், இரண்டு வாரத்துக்குள் திரும்ப எட்டிவிடும், அப்புறம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை கொடுங்கள், ராத்திரியும் சேர்த்து.

பால் பவுடர் எது நல்லது?

இந்தக் கேள்விக்குப் பிராண்ட் பெயர் சொல்கிற நர்ஸை நம்பாதீர்கள். 1992ஆம் வருஷத்துச் சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கு இங்கே விளம்பரமே செய்யக்கூடாது. மருத்துவக் காரணம் இருந்தால் டாக்டர் எழுதித் தருவார், அப்போதும் புட்டியில் வேண்டாம், சங்கு மாதிரி இருக்கிற பாலாடையில் கொடுங்கள்.

சிசேரியன் ஆனவள் எப்போது எழுந்திருக்கலாம்?

பெரும்பாலும் அன்றைக்கே, இல்லாவிட்டால் மறுநாள் காலையில். "தையல் பிரிந்துவிடும்" என்று மூன்று நாள் படுக்கையிலேயே வைத்திருந்தால் கெண்டைக்கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைகிற ஆபத்துதான் கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உருவாதீர்கள், எங்களிடம் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுந்தால் வயிறு இழுக்காது, இருமும்போது தலையணையை வயிற்றில் அணைத்துக்கொள்ளுங்கள். தியேட்டரிலிருந்து வந்ததுமே பால் கொடுக்கலாம்.

குழந்தையை எப்போது குளிப்பாட்டலாம்? உடம்பெல்லாம் மாவு மாதிரி இருக்கிறதே.

அந்த மாவு தோலுக்குப் பாதுகாப்பு, தேய்த்து எடுக்கக்கூடாது. 24 மணி நேரமாவது போகட்டும், எடை குறைந்த பிள்ளைக்கு இன்னும் பொறுக்கணும். வீட்டுக்குப் போனதும் குளிப்பாட்டுகிற பாட்டி வருவார். அவர் காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டுவது பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதில் ஐந்தே விஷயத்துக்கு மட்டும் தடை போடுங்கள்: மூக்கில் வாய் வைத்து ஊதுவது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, மார்பை அமுக்கிப் பால் எடுப்பது, சாம்பிராணிப் புகைக்கு மேலே பிடிப்பது. கண்ணில் மை வேண்டாம், நெற்றியில் வைப்பது உங்கள் ஆசை.

தொப்புளுக்கு என்ன போடுவது?

ஒன்றும் போடக்கூடாது. விபூதி, மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் இல்லாமல் காய விட்டால் 5 முதல் 15 நாளுக்குள் விழுந்துவிடும். துணியை அதற்குக் கீழே கட்டுங்கள். சுற்றிச் சிவந்தால், சீழ் வைத்தால் வாருங்கள்.

மஞ்சளாக இருக்கிறது. காலை வெயிலில் காட்டினால் போதாதா?

இந்த நம்பிக்கைக்கு ஒரு மூலம் உண்டு, அதுவும் எங்கள் ஆள்தான். 1956இல் இங்கிலாந்தில், எஸ்ஸெக்ஸ் பகுதி ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்ட் என்ற சிஸ்டர், குழந்தைகளை முற்றத்து வெயிலுக்குத் தூக்கிப்போவார். துணி மூடிய இடத்தில் மட்டும் மஞ்சள் அப்படியே இருந்ததை டாக்டர்களுக்குக் காட்டினார். நீங்கள் வார்டில் பார்க்கிற நீல லைட் அந்த வழியில் வந்ததுதான். அந்த வெளிச்சம் தோலை மஞ்சளாக்குகிற பித்த நிறமியை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. ஆனால் ஜன்னல் வெயிலில் அளவு நம் கையில் இல்லை, ஒன்று போதாது, இல்லையென்றால் பிள்ளை சுட்டுவிடும், குளிர்ந்துவிடும். இரண்டு மூன்று நாளில் ஆரம்பித்து முகத்தோடும் மார்போடும் நிற்கிற மஞ்சள் பெரும்பாலும் தானே போகும், நிறையப் பால் கொடுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை வந்தாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சுருண்டாலோ அன்றைக்கே இரத்தம் பார்க்க வேண்டும். விட்டால் மூளையைப் பாதிக்கும்.

1.8 கிலோதான் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் வைக்க மாட்டீர்களா?

மூச்சுத் திணறலோ வேறு சிக்கலோ இல்லையென்றால் பெட்டியைவிட உங்கள் நெஞ்சு நல்லது. 1978இல் கொலம்பியாவில், போகோட்டா நகரத்து மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர் பற்றாமல், தொற்றும் பரவிக்கொண்டிருந்தபோது எட்கர் ரே என்ற டாக்டர் தாயின் மார்பிலேயே குழந்தையைக் கட்டி வைக்க ஆரம்பித்தார். கங்காரு முறை என்பது அதுதான். சட்டை இல்லாமல் குல்லாய், சாக்ஸ், நாப்கினோடு பிள்ளையை உங்கள் மார்பு நடுவில் தவளை மாதிரி நிறுத்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, துணியால் கட்டிவிடுவோம். ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்க. அப்பாவும் செய்யலாம். வெளியே நின்று போன் பார்க்கிற அப்பாக்களை நான் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொல்வேன், முதலில் வெட்கப்படுவார்கள், அரை மணி நேரம் கழித்துப் பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் தர மாட்டார்கள்.

விக்கல், தும்மல், பால் கக்குவது...

மூன்றும் சாதாரணம். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் இரண்டு சொட்டு இரத்தம் படுவதும், எந்தக் குழந்தைக்கும் மார்பு வீங்குவதும் தாயின் ஹார்மோனால் வருவது, தானே போய்விடும். பச்சையாக வாந்தி எடுத்தால் மட்டும் ஓடிவாருங்கள்.

பிறந்ததும் இத்தனை ஊசியா?

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி, இரத்தம் உறைய வைட்டமின் கே. பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரம் கழித்துக் கொப்புளித்து உடைந்து தழும்பாகும், மருந்து போடாதீர்கள். அடுத்தது ஆறாவது வாரம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தும் அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். கண் பட்டுவிட்டதா?

மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு, ஹார்மோன் சடாரென்று இறங்குவதும் தூக்கம் இல்லாததும் சேர்ந்து வருவது. சுற்றிப் போடுவதாக இருந்தால் போடுங்கள், கூடவே இரண்டு மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். பெண் குழந்தை என்று முகம் சுளிக்கிற சொந்தக்காரரை வாசலோடு அனுப்புங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளையைத் தொடப் பிடிக்கவில்லை, தூக்கமே இல்லை என்றால் அது மனச்சோர்வு, வைத்தியம் உண்டு. அரசின் மனநல உதவி எண் 14416இல் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சம்பந்தமில்லாமல் பேசுகிறாள், காதில் குரல் கேட்கிறது என்கிறாள், தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்கிறாள் என்றால் அன்றைக்கே கூட்டிவாருங்கள், பேயோட்ட அல்ல. அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள்.

குழந்தையை எப்போது உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும்?

நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை குடிப்பதை நிறுத்துவதுதான் முதல் அறிகுறி, காய்ச்சல்கூட வராமல் இருக்கலாம். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள், 60ஐத் தாண்டினால் இன்னொரு தடவை எண்ணுங்கள், அப்போதும் தாண்டினால் கிளம்புங்கள். விலா உள்ளிழுத்தால், முனகினால், வெட்டி இழுத்தால், உதடு நீலமானால், உள்ளங்கால் சில்லென்று இருந்து துணி சுற்றியும் சூடேறாவிட்டால், 37.5 டிகிரிக்கு மேல் சுட்டால் 108ஐக் கூப்பிடுங்கள். ஆனால் சித்திரை வெயிலில் குல்லாயும் மூன்று சுற்றுத் துணியும் போட்டுவிட்டுக் காய்ச்சல் என்று வருபவர்களும் உண்டு, முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். படுக்க வைப்பது எப்போதும் மல்லாக்க.

எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?

சுகப்பிரசவம் என்றால் குறைந்தது 48 மணி நேரம், சிசேரியன் என்றால் ஒரு வாரம் வரை. அரசு மருத்துவமனையில் சாப்பாடும் மருந்தும் இலவசம், வீட்டில் கொண்டுபோய் விட 102 வண்டியும் இலவசம், யாருக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. அப்புறம் கிராம சுகாதார செவிலியரோ ஆஷாவோ 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். வந்தவரிடம் பிள்ளையை மட்டும் காட்டிவிட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், தாய்க்குப் பிரஷர் பார்த்தாகிவிட்டதா என்று கேளுங்கள். கர்ப்ப காலத்தில் சரியாக இருந்த பிரஷர் பிரசவமான முதல் வாரத்தில் ஏறுவது உண்டு. மண்டையைப் பிளக்கிற தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்று அவள் சொன்னால், தூக்கம் கெட்டதால் என்று சொல்லித் தைலம் தேய்த்துப் படுக்க வைக்காமல், வலிப்பு வருவதற்கு முன்னால் கூட்டிக்கொண்டு வாருங்கள்.